தீர்மான நோட்டில் விட்டுவைத்த இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேயரையும் நகராட்சித் தலைவரையும் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தால் போதுமா என்று உங்கள் பத்திரிகையில் சில நாட்களாக வாசகர்கள் எழுதி வருவதை விடாமல் படிக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்து வருஷம் ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மேயர் கதையையே எடுத்துக்கொள்வோம். 1996-ல் நேரடித் தேர்தல், மு.க.ஸ்டாலின் சென்னை மேயர் ஆனது அப்படித்தான். 2001-லும் நேரடி. 2006-ல் கவுன்சிலர்கள் வழியாக. 2011-ல் மறுபடியும் நேரடி, சைதை துரைசாமி வந்தார். 2016-ல் மறைமுகத் தேர்தல் என்று சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் தேர்தலே நடக்கவில்லை. 2018-ல் நேரடி என்று மாற்றி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டுத் திரும்பவும் மறைமுகம் என்று ஆக்கி, கடைசியில் 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தல் அந்த வழியில்தான் முடிந்தது. ஆட்சிக்கு யார் வந்தாலும் இந்த ஒன்றை மட்டும் புரட்டிப் புரட்டிப் போடுகிறார்கள், ஏனென்றால் நாற்காலியில் யார் உட்காருவார் என்பது கட்சிகளுக்கு முக்கியம். அந்த நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மற்றவர்கள் எதைப் பேசலாம், எதைத் தடுக்கலாம், எதைக் கேட்டால் பதில் வரும் என்பதைப் பற்றி இவ்வளவு அவசரத்தோடு ஒரு திருத்தமும் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற நகரத்தில் 2012-ல் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள், பத்தே வருஷத்தில், 2022-ல், அதே மக்கள் இன்னொரு வாக்கெடுப்பில் அந்த மேயர் பதவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2024-லிருந்து அங்கே கவுன்சிலர்கள் குழு குழுவாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். ஷெஃபீல்டு நகரத்திலும் 2021-ல் மக்கள் அதே மாதிரிதான் ஓட்டுப் போட்டார்கள். அந்த முறைதான் சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அங்கே மக்களிடம் கேட்ட கேள்வி என்ன என்பதைப் பாருங்கள். ஒருவர் முடிவெடுத்து மற்றவர்களுக்குச் சொல்வதா, எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதா என்று கேட்டார்கள். நம்மிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை.

நம்மிடம் இருப்பது ‘ஆல் பாஸ்’. நகர மன்றக் கூட்டம் நடக்கும் இடத்தில் பார்வையாளராகப் போய் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வார்த்தை தெரியும். கட்டுக் கட்டாகப் பொருள் நிரல், ஒவ்வொரு பொருளும் இரண்டு மூன்று பக்கம், அலுவலக பாஷை, நடுவில் ஒரு மதிப்பீட்டுத் தொகை, கடைசி வரியில் மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது என்று முடியும். கூட்டம் தொடங்கினால் பாதி நேரம் யார் யாருக்கு நன்றி சொல்வது என்பதில் போகும், மீதி நேரம் ஒரு வெளிநடப்பில் போகும், அப்புறம் யாரோ ஒருவர் எழுந்து ஆல் பாஸ் என்பார், மேசையைத் தட்டுவார்கள், முடிந்தது. அதில் எத்தனை பொருள் ‘பின்னேற்பு’ என்று எண்ணிப் பாருங்கள். அதாவது வேலை நடந்து முடிந்துவிட்டது, பணமும் போய்விட்டது, இப்போது மன்றம் ஆமாம் என்று சொன்னால் போதும். அவசர வேலைக்கு அந்த வழி தேவைதான், குழாய் உடைந்தால் கூட்டம் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அவசரத்துக்கு வைத்த வழியே வழக்கமான வழியாகிவிட்டால் மன்றம் எதற்கு?

மாநகராட்சியில் நிர்வாக அதிகாரம் ஆணையர் கையில், அவரை அனுப்புவது மாநில அரசு. கிராம ஊராட்சியில் அப்படி இல்லை, சட்டப்படி ஊராட்சித் தலைவர்தான் நிர்வாக அதிகாரி, அவரை நாங்கள் நேரடியாகத்தான் தேர்ந்தெடுக்கிறோம், கட்சிச் சின்னம்கூடக் கிடையாது. நேரடித் தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் தயவுசெய்து எங்கள் பக்கம் வந்து பாருங்கள். நேரடியாக வந்த தலைவர் இருக்கிறார், ஆனாலும் நடப்பது அதே ஆல் பாஸ்தான், என்ன, சின்ன அளவில் நடக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த மனிதர்கள் இன்னும் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

நான் வந்த இரண்டாவது வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் ஊராட்சி செயலர் தீர்மான நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வண்டியை அணைக்கவில்லை. “அண்ணே, ஒரு கையெழுத்து, யூனியன் ஆபீசுக்கு நாளைக்குக் கொண்டு போகணும்” என்றார். நோட்டைப் பிரித்தால் மேலே கூட்டத்தின் தேதி எழுதியிருக்கிறது, நான் போகாத கூட்டம், நடக்கவே நடக்காத கூட்டம். முதல் இரண்டு தீர்மானம் வரவு செலவு. அதற்குக் கீழே நாலு விரற்கடை அகலத்துக்கு வெறும் இடம். அதற்கும் கீழே உறுப்பினர்கள் கையெழுத்து, ஒன்பது வார்டில் ஐந்து பேர் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். நடுவில் ஏன் இடம் விட்டிருக்கிறது என்று கேட்டேன். “அது ஒண்ணுமில்லண்ணே, எஸ்டிமேட் நம்பர் வந்ததும் எழுதிக்கலாம்.” நான் கையெழுத்துப் போட்டேன். அவர் நின்றுகொண்டிருந்தார், வண்டி ஓடிக்கொண்டிருந்தது, மற்ற ஐந்து பேர் போட்டிருக்கிறார்கள், நான் மட்டும் என்ன செய்ய என்று நினைத்துத்தான் போட்டேன்.

அந்த நாலு விரற்கடை இடத்தில் பிறகு எழுதப்பட்டது ஒரு ஆழ்துளைக் கிணறு. எங்கள் தெருவுக்கும் மேற்குத் தெருவுக்கும் பொதுவாக வர வேண்டியது, ஊரின் மறுகோடியில் இடம் குறிக்கப்பட்டு அங்கே போடப்பட்டது. இதில் யாரும் காசு தின்றார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, அப்படி நான் நினைக்கவும் இல்லை. அங்கே ஏற்கெனவே மின் இணைப்புக் கம்பம் பக்கத்தில் இருந்ததால் செலவு குறைவு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், அது ஒரு காரணம்தான். ஆனால் அந்தக் காரணத்தை எங்களிடம் சொல்லியிருந்தால், மேற்குத் தெருக்காரர்கள் கம்பத்துக்கான செலவை வேறு தலைப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பார்கள், அந்த மறுகோடியில் கோடையில் தண்ணீர் நிற்காது என்று பழைய கிணறு வெட்டியவர்கள் சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்வதற்கு ஒரு கூட்டம் இல்லை, நோட்டில் மட்டும்தான் கூட்டம் இருந்தது. அடுத்த ஏப்ரலில் மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. எங்கள் தெருப் பெண்கள் இன்றைக்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், அந்தப் பக்கத்தில் இருக்கும் கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது.

மூன்றாவது வருஷம்தான் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் குழுக்கள் இருக்க வேண்டும். நியமனக் குழு, வளர்ச்சிக் குழு, பணிகள் குழு, கல்விக் குழு, வேளாண்மைக்கு ஒரு குழு. ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த கையேட்டில் இதைப் படித்துவிட்டு வந்து செயலரிடம் கேட்டேன். அவர் பீரோவைத் திறந்து ஒரு பதிவேட்டை எடுத்துக் காட்டினார். அதில் பணிகள் குழு உறுப்பினர் என்று என் பெயர் முதல் வருஷத்திலிருந்தே இருக்கிறது! என்னிடம் யாரும் சொல்லவில்லை. தலைவரும் கெட்டவர் இல்லை, அவருக்கே அது ஒரு காகிதம் என்ற அளவில்தான் தெரியும், மேலேயிருந்து கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம்.

சரி, இருக்கிறது அல்லவா, கூடித்தான் பார்ப்போமே என்று நாங்கள் மூன்று பேர் ஆரம்பித்தோம். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு, மூன்று தடவை கூடினோம். முதல் நாள் ஒரே சண்டை. இரண்டாவது நாள், ஓடைக் கரையில் குழாய் பதித்துச் சின்னப் பாலம் போடுவதற்கு வந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு நேராக ஓடைக்கே நடந்து போனோம், பின்னால் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அதில் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர், எங்களில் யாருக்கும் தோன்றாத ஒன்றைச் சொன்னார். மழைத் தண்ணீர் இந்தப் பக்கம் வருவதே இல்லையாம், மேலே ஒரு வரப்பை வெட்டிவிட்டதிலிருந்து தண்ணீர் இருபது அடி தள்ளித்தான் இறங்குகிறது, குழாயை இங்கே வைத்தால் பாலம் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்றார். போய்ப் பார்த்தால் மண் அரித்த தடம் அப்படியே இருக்கிறது. ஓவர்சீயரை வரவழைத்துக் காட்டினோம், அவரும் ஒத்துக்கொண்டு இடத்தை மாற்றிக் குறித்தார். அந்தப் பாலம் இன்றைக்கும் நிற்கிறது, இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது.

அதிகாரப் பகிர்வு என்று மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அந்த ஓடைக்கரைதான். அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது சென்னையில் யாருக்கும் தெரியாது, மாவட்டத் தலைநகரில் தெரியாது, ஏன், ஊராட்சித் தலைவருக்கே தெரியாது. ஒரு மதிப்பீடு, அதைப் படிக்க மூன்று பேர், நடந்து போய்ப் பார்க்க ஒரு சாயங்காலம், அவ்வளவுதான் தேவைப்பட்டது. மேலே ஒருவர் கையில் இருக்கும் பேனாவைப் பிடுங்கிக் கீழே ஒருவர் கையில் கொடுத்தால் பேனா மட்டும்தான் இடம் மாறும். நோட்டில் அந்த நாலு விரற்கடை இடம் அப்படியேதான் இருக்கும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாத உள்ளாட்சி விழா கிடையாது, எல்லாரும் குடவோலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குடத்தில் ஓலை போட்டு எடுத்தது ஒரு தலைவரை இல்லை, வாரியங்களை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வேலைக்கு ஒரு குழு, பதவி 360 நாள், பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் திரும்ப வர முடியாது. நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களுக்கு மட்டும் இடம் கொடுத்த சபை அது, அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் ஏரிக்கென்று ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஒரு கணக்கு என்ற ஏற்பாடு பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கும்போது, எங்கள் பணிகள் குழு பீரோவுக்குள் இருந்தது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கிராம சபையில் பேசலாமே என்பார்கள். வருஷத்துக்கு ஆறு கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நான் எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். பேச வேண்டிய பொருள்களின் பட்டியல் மேலேயிருந்து வரும், டெங்கு, பிளாஸ்டிக், மழைநீர் சேகரிப்பு, அந்தத் திட்டம், இந்தத் திட்டம் என்று பத்துப் பன்னிரண்டு இருக்கும், எல்லாம் தேவையானவைதான், யாரும் மறுக்கவில்லை. எங்கள் ஊர் விஷயம் கடைசியில் ‘இதரப் பொருட்கள்’ என்ற ஒரே வரியில் இருக்கும். ஒரு ஆத்தா எழுந்து தன் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டால், “இதரப் பொருள் வரட்டும் ஆத்தா, அப்ப பேசலாம்” என்று உட்கார வைப்பார்கள். பட்டியலை வாசித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும், நூறு நாள் வேலைக்காரர்கள் எண்ணிக்கைக்கு வந்தது போதும் என்று கிளம்பிவிடுவார்கள், ஆத்தாவும் போய்விடும். குறைவெண் வரம்பு, அதாவது குறைந்தது இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று சட்டம் சொல்கிற கணக்கு கையெழுத்துப் பதிவேட்டில் சரியாக இருக்கும். பட்டியலைத் தலைகீழாக்கி, ஊர் விஷயத்தை முதலில் பேசிவிட்டு அரசு அனுப்பியதைக் கடைசியில் வாசித்தால் என்ன குறைந்துவிடும்? இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

நகரத்தில் கிராம சபை மாதிரி ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டு, 2022-ல்தான் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் அமலுக்கு வந்தது 1993 ஜூன் 1, அதில் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தாமதம் என்றாலும் வந்ததை வரவேற்கிறேன். அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி முதல் கூட்டங்கள் நடந்தபோது நகரத்தில் இருக்கும் என் மச்சான் ஆசையாகப் போய்விட்டு வந்தார், குப்பை வண்டி வருகிற நேரத்தைப் பற்றிக் கேட்டதாகச் சொன்னார். பதில் வந்ததா என்று இப்போது கேட்டால் சிரிக்கிறார். பகுதிக்குப் பிரதிநிதியாக இருப்பவர்களை நியமிக்கிறார்கள், அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தத் தெருக்காரர்களே தேர்ந்தெடுக்கட்டும். அங்கே பேசியது மன்றத்தின் பொருள் நிரலில் ஏறியதா, ஏறவில்லை என்றால் ஏன் என்று அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாகப் படித்துக் காட்டட்டும். இந்த இரண்டும் இருந்தால் மச்சான் மறுபடியும் போவார்.

பேசுவதற்கு இடம் வேண்டும் என்று சொல்லும்போது, பேசுவதற்கு விஷயமும் வேண்டும் அல்லவா, அது கையை விட்டுப் போன கதையும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று இன்னும் இருக்கிறது, வருஷா வருஷம் பெயின்ட் அடித்துப் புதுசாக எழுதுகிறார்கள். காமராஜர் காலத்தில் வந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒன்றியங்கள் உண்மையிலேயே பள்ளிக்கூடம் நடத்தின. இன்றைக்கு ஆசிரியரை நியமிப்பது, மாற்றுவது, கேள்வி கேட்பது எதுவும் ஒன்றியத்திடம் இல்லை, சுவர் விரிசல் விட்டால் பூசுவது மட்டும் இருக்கிறது. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978-லிருந்து தனி வாரியத்திடம். சாக்கடை பொங்கினால் மக்கள் கவுன்சிலரைத்தான் பிடிக்கிறார்கள், அவர் வாரியத்துக்கு போன் போடுகிறார், நம்மைப் போலவே காத்திருக்கிறார். ஊராட்சிகளுக்கு 29 துறைகள், நகரங்களுக்கு 18 பணிகள் என்று அரசமைப்புச் சட்டத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் அட்டவணைகளில் பட்டியல் இருக்கிறது. ஆனால் கொடுக்க ‘வேண்டும்’ என்று அங்கே இல்லை, மாநிலச் சட்டமன்றம் கொடுக்க‘லாம்’ என்றுதான் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த ஒரு ‘லாம்’ மேல் எல்லா அரசும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன. மத்திய அரசு மாநில உரிமையில் கை வைத்தால் நாம் எல்லாரும் கொதிக்கிறோம், கொதிக்கத்தான் வேண்டும், அதே நியாயத்தை மாநிலம் ஊராட்சிக்குக் கொடுக்க வேண்டாமா?

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 1996-ல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளுக்கே கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். பணத்தைவிட எனக்குப் பிடித்தது வேறு இரண்டு. ஒன்று, பட்ஜெட்டோடு நான்காம் பின்னிணைப்பு என்று ஒரு புத்தகம் வருகிறது, எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்று அதில் தனித்தனியாக அச்சாகியிருக்கும், யாரிடமும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டாம். இரண்டு, அங்கே கிராமப் பஞ்சாயத்தின் ஒவ்வொரு உறுப்பினரும் ஏதாவது ஒரு நிலைக்குழுவில் இருக்கிறார், நிதிக்குழுவுக்குத் துணைத் தலைவர்தான் தலைவர். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லவில்லை, அங்கேயும் கட்சிச் சண்டை உண்டு. ஆனால் ஒரு வார்டு உறுப்பினர் தன் பெயர் எந்தக் குழுவில் இருக்கிறது என்று மூன்றாவது வருஷம் கண்டுபிடிக்கிற நிலைமை அங்கே வருமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஊர்க்காரர்களிடம் அதிகாரம் கொடுத்தால் ஊரில் பலம் உள்ள சாதி அதை எடுத்துக்கொள்ளும் என்பார்கள். சொல்பவர்கள் சும்மா சொல்லவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியை 1996-லிருந்து பத்து வருஷம் நடைமுறைக்கே வரவிடவில்லை, போட்டியிட விடவில்லை, ஜெயித்தவரை ராஜினாமா செய்ய வைத்தார்கள். 1997-ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். இன்றைக்கும் தலைவர் நாற்காலியில் உட்கார முடியாத தலைவர்கள் இருக்கிறார்கள், பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கீடு வந்த பிறகும் கணவரே ‘தலைவர்’ என்று கூப்பிடப்படும் ஊர்கள் இருக்கின்றன. நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். எல்லாம் ஒரே கையெழுத்தில் இருக்கும்போது அந்த ஒருவரை மிரட்டினால் போதும், அல்லது அவர் வீட்டுக்காரரைப் பிடித்தால் போதும். முடிவு குழுவில் எடுக்கப்பட்டு, யார் என்ன சொன்னார் என்பது எழுதப்பட்டு, அந்த நகல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டால் மிரட்ட வேண்டியவர்களின் எண்ணிக்கையாவது கூடும். எங்கள் பணிகள் குழுவில் காலனித் தெருவிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார். ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவர், தாழ்வாரத்தில் நாலு பேராக உட்கார்ந்தபோது தன் தெரு வாய்க்கால் அளவை நூல் பிடித்த மாதிரி சொன்னார், அது அவர் பெயரோடு பதிவேட்டில் ஏறியது. சாதியை இது ஒழித்துவிடும் என்று சொல்லவில்லை. அரசின் பாதுகாப்பும் ஆட்சியரின் கண்காணிப்பும் அந்த விஷயத்தில் கட்டாயம் வேண்டும், கண்டிப்பாக வேண்டும். ஆனால் அதைக் காரணமாகக் காட்டி எல்லா அதிகாரத்தையும் மேலேயே வைத்துக்கொள்வதை ஏற்க முடியவில்லை.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே இருப்பதும் போய்விட்டது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நின்று, மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு வைக்கிற அதிகாரிகள். 2019 டிசம்பரில்தான் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல், புதிதாகப் பிரிந்த மாவட்டங்கள் உட்பட மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்று அந்த நாட்களில் மத்திய நிதிக்குழு மானியம் நின்றதும் நினைவிருக்கும். எங்கள் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது, உடனே மறுபடியும் தனி அலுவலர். அரசமைப்புச் சட்டம் ஐந்து வருஷம் என்று சொன்னால் ஐந்து வருஷம்தான், அது முடிவதற்குள் தேர்தல் நடந்திருக்க வேண்டும், வார்டு வரையறை, ஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. சென்னை மாநகராட்சிக்கு 1973-ல் மன்றம் கலைக்கப்பட்ட பிறகு 1996 வரை தேர்தலே இல்லை என்பதை இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

தனி அலுவலரை நான் குறை சொல்லவில்லை. மாநிலத்தில் 2019 கணக்குப்படி 12,525 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள், சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு முப்பதுக்கு மேல். ஒன்றிய அலுவலகத்து அதிகாரி எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார், எந்த ஓடையில் எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கிராம ஊராட்சிகளை நகரத்தோடு சேர்க்கிற வேலையும் இந்த நேரத்தில்தான் நடக்கிறது. சேர்ந்தால் நூறு நாள் வேலை போகும், வரி கூடும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்ட ஊர்கள் உண்டு. அந்தத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதையாவது நேராகச் சொல்லிவிடலாம்.

அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் வரட்டும். எனக்கு வேண்டியது சின்னச் சின்ன விஷயங்கள். பொருள் நிரல் ஏழு நாளுக்கு முன்னால் உறுப்பினர் கைக்கும் நோட்டீஸ் போர்டுக்கும் வர வேண்டும், நகரமோ கிராமமோ. பின்னேற்புக்கு ஒரு தொகை வரம்பு வேண்டும், அதைத் தாண்டினால் மூன்று நாளில் அவசரக் கூட்டம். பணிகள் குழு இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு இல்லாமல் எந்த மதிப்பீடும் கூட்டத்துக்கு வரக் கூடாது. எழுதாத வரிக்குக் கீழே யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது. வருகிற மானியத்தில் ஊராட்சியே முடிவு செய்யும் பங்கு கூட வேண்டும், பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டே வந்தது, மாநில நிதிக்குழு வழியாக வருவதில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் மின் கட்டணத்துக்கும் கரைந்துவிடுகிறது, மிச்சத்தில் பேசி முடிவெடுக்க என்ன இருக்கும்?

கடைசியாக உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஏதாவது ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குச் செய்தி சேகரிக்கப் போனால், தீர்மான நோட்டைக் கேட்காதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கும். குழுக்களின் கூட்டப் பதிவேட்டைக் கேளுங்கள், பீரோவின் கீழ்த் தட்டில் இருக்கும். எங்கள் ஊர்ப் பதிவேட்டில் மூன்று கூட்டம் எழுதியிருக்கும், மூன்றாவதில் ஓடைப் பாலத்தின் படம் பென்சிலால் வரைந்திருக்கும், ஓரத்தில் அந்த ஆடு மேய்க்கிற பெரியவரின் கைநாட்டு இருக்கும். அவர் உறுப்பினர் இல்லை, இருந்தாலும் வாங்கி வைத்தோம். அதற்குப் பிறகு உள்ள பக்கங்கள் எல்லாம் காலி.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர்